போயா

வலயக் கல்வி அலுவலகம் தந்த படிவத்தில்
இருபத்திரண்டு பெட்டிகள்.
பேனை மூடியைக் கடித்தபடி
சாம்பல்தீவில், தரம் எட்டின் கடைசி வாங்கில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.
அவதானிப்பவர் பேசக் கூடாது.
அதுதான் முதலாவது விதி, தடித்த எழுத்தில்.

றிஸ்மினா ரீச்சர் கிண்ணியாவிலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறா.
சோக்கு புதிசு.
சுவரில் ஒட்டிய ஆங்கில அட்டைகளில்
பசை இன்னும் காயவில்லை.
எனக்காக இரவு விழித்திருந்திருப்பா.
நானும் ஒரு காலம் இப்படி ஒட்டியவள்தான்;
அதற்குப் பெட்டி இல்லை.

வாசிப்புப் பாடம்: வெளிச்சவீடு.
வரிசையாக எழும்பி ஆளுக்கு இரண்டு வசனம்.

லிதுர்ஷன் எழும்புகிறான்.
நண்டுப் பொந்துக்குள் கை விடுகிறவன் போல
விரலை வரியில் வைத்து மெல்ல மெல்ல
"இஸ்... லாண்ட்."
"ஐலண்ட்," என்கிறா ரீச்சர். "எஸ் கதையாது."
"கதையாட்டி ஏன் மிஸ் நிக்குது?"
"அது எப்பவோ வந்திட்டுது. இனிக் கலைக்கேலாது. வாசி."
வாசிக்கிறான்.

தீவென்றால் என்ன, கேட்கிறா.
நாலு பக்கமும் தண்ணி, என்கிறது வகுப்பு.
"அப்ப சாம்பல்தீவு?"
ஒருவன் யன்னலால் எட்டி எண்ணுகிறான்:
கடல் ஒண்டு, களப்பு ஒண்டு,
மற்றப் பக்கம் றோட்டு,
நிலாவெளி பஸ் போகுது மிஸ்.
எட்டாம் பெட்டி, மாணவர் ஈடுபாடு:
சரி போட்டேன்.

என் பக்கத்தில் அனோஜிதா, சல்லிப் பிள்ளை.
தன் முறைக்கு இன்னும் நாலு பேர் என்று
தனக்கு வரப்போகிற வசனத்தை
முன்கூட்டியே எண்ணிப் பிடித்து வைத்திருக்கிறாள்.
ஒரு சொல்லில் விரல் நின்றுவிட்டது.
புத்தகத்தை என் பக்கம் தள்ளுகிறாள்.
பி. யு. ஓ. வை.

ஆங்கிலத்தில் பட்டம்.
பதினொரு வருடமாக ஆலோசகர்.
இந்தச் சொல்லைக் கண்ணால்
எத்தனையோ தரம் கடந்திருக்கிறேன்,
வாயால் ஒருநாளும் இல்லை.
விதியை மீறி,
மீறியது போதாதென்று பிழையாகவும்,
"புவோய்" என்றேன் காதோடு,
சந்தேகமே இல்லாத குரலில்.

அவள் தலையாட்டினாள், மரியாதைக்கு.
பிறகு படத்தைப் பார்த்தாள்.
கடல், வெளிச்சவீடு,
அலையில் சரிந்து ஆடும் சிவப்பு உருண்டை.
முகம் திறந்தது.
முறை வந்தது, எழும்பினாள்,
கேற்றடியில் நிற்கிற ஆளுக்கும் கேட்க
ஆங்கில வசனத்தின் நட்ட நடுவே
"போயா!"

"இண்டைக்கா மிஸ்? லீவா?"
பொடியன்கள் மேசையில் தட்டிச் சிரிக்கிறார்கள்.
"அந்தப் போயா இல்லடா.
வலை தாழாமக் கட்டுறது.
எங்கட அப்பா வெறும் போத்தல்ல கட்டுவார்.
பெரிய போயா நேவிக்காரர் போட்டிருக்கிறாங்க,
அதுக்கு அங்கால போகேலாது."

சிரிப்பு அடங்கிற்று.
றிஸ்மினா ரீச்சர் என்னைப் பார்த்தா.
அவவுக்கும் தெரியாது.
அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.
நான் குனிந்து
திகதியை இரண்டாம் தரம் எழுதினேன்.

"வெரி குட். சிட் டவுன்."
பலகையில் அந்த நாலு எழுத்து,
பக்கத்தில் மிதவை,
கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே போயா.
இருபத்தேழு கொப்பிகளில்
முழுநிலவு நாள் போல வட்டமாக அது ஏறியது.

உப்புவெளியில் பஸ் நின்றபோது
போனில் தேடினேன்.
ஒரு நாட்டில் பூ-ஈ.
மற்ற நாட்டில்,
ஒலியை மூன்று தரம் போட்டுக் கேட்டேன்,
பக்கத்து ஐயா திரும்பிப் பார்த்தார்,
பொய், பொய், பொய் என்கிறது போன்.

பதினேழாம் பெட்டி:
தாய்மொழிப் பாவனை தவிர்க்கப்பட்டதா?
பேனையை வைத்த நேரம் பஸ் குலுங்கிற்று.
கோடு எங்கே விழுந்ததென்று
இன்னும் பார்க்கவில்லை.